காட்டு இஞ்சிக்குக் கட்டிய சிவப்பு நாடா

சிரம்பான் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரின் பை வாயில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. பார்த்ததும் முந்தின நாள் நான் கட்டிய நாடா நினைவுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன். அட மடையா, என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறாய்!

ரெம்பாவ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமொன்றில் நான் மண்டோர். களைக்கு மருந்தடிக்கும் பெண்களை மேய்ப்பது என் வேலை. முந்தின நாள் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருவர் வந்திருந்தார். இந்த நாட்டுக்கே சொந்தமான செடிகளில் எது எந்த மாநிலத்தில் பூக்கிறது என்று பட்டியல் எழுதுகிறவர். எனக்கோ செம்பனையைத் தவிர முளைப்பதெல்லாம் களை. ஓடைக்கரையில் ஒரு காட்டு இஞ்சியின் அடியில், மண்ணை ஒட்டி ஒரே ஒரு மொட்டு. அதைக் கண்டு அப்படியே குந்திவிட்டார்.

“இஞ்சி ஜாதியில சிலது ஒரே ஒரு ஆத்தோரத்துல மட்டுந்தாண்ணே இருக்கும். மலையத் தாண்டினா கிடையாது. இங்க இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல. பூ விரிஞ்சாத்தான் எதுன்னு எழுத முடியும். சனிக்கிழம வர்றேன், அடையாளம் கட்டி வைங்க லா.”

பையில் கையை விட்டேன். வந்ததைக் கட்டினேன். சிவப்பு நாடா.

எங்கள் தோட்டத்தில் ஓடைக்கரையில் மருந்தடிக்கக் கூடாது. சிவப்பு நாடா கட்டிய இடத்தில் மட்டும் அடிக்கலாம். அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான்.

மருந்தடிக்கும் பெண்களில் மூத்தவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கையெல்லாம் மருந்தாக இருக்கும்போது எவள் எடுப்பாள்? மாத்திரையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று மோட்டாரைக் கிளப்பினேன். மழை வந்தால் வேலையை நிறுத்துவார்கள். வழி நெடுக மாரியம்மாவைக் கெஞ்சினேன். வானம் வெளுத்துக் கிடந்தது. பயத்தில் ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஊற்றியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மூத்தவள் முதுகுப் பம்பை இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, ஆஸ்பத்திரி போகலியா? நாடாவப் பாத்தேன். நீங்க போட்ட முடிச்சுதானேன்னு காலையில மொத வேலையா அடிச்சிட்டேன். ரெண்டு தடவ.”

இஞ்சி இலைகளில் மருந்து திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. மொட்டு இன்னும் விரியவில்லை. மண்டியிட்டு ஓடைத் தண்ணீரை ஹெல்மெட்டில் மொண்டு மொண்டு ஊற்றினேன். சட்டையைக் கழற்றி ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன்.

“தேறுமா?” என்றேன்.

நான் விளையாடுவதாக நினைத்து அவள் சிரித்தாள்.

“இந்த மருந்து கிழங்கு வரைக்கும் இறங்கும்னு நீங்கதானேண்ணே சொல்லிக் குடுத்தீங்க.”