துளசித் தொட்டியில் ஒரு வடை

தெருநாய் சாப்பாட்டை ஒளித்துவைத்து நான் பார்த்ததில்லை. பல ஊர்களில் ஓட்டல்களின் பின்பக்கம் படுத்திருக்கிறேன். அங்கே நாய்கள் கிடைத்ததை நின்ற இடத்திலேயே விழுங்கும். மென்றால் நேரமாகும், நேரமானால் இன்னொன்று வந்துவிடும். மிச்சம் இருந்தால்தானே ஒளிப்பதற்கு. பெருங்களத்தூருக்கு வாட்ச்மேனாக வந்த பிறகுதான் அந்தப் பழக்கத்தைப் பார்த்தேன்.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஆறு வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட். அதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவினேன். அதற்கு முன்னால் லாரி, அதற்கும் முன்னால் சென்ட்ரிங் வேலை. ஓரிடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. சண்டை போட்டுக்கொண்டெல்லாம் கிளம்பமாட்டேன். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பேன், அவ்வளவுதான். இங்கே மோட்டார் போடுவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கேட்டைத் திறந்து மூடுவது வேலை. தங்குவதற்கு மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளை ஒட்டி ஓர் அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். நிமிர்ந்து நிற்க வேண்டிய வேலையும் அங்கே அதிகம் இல்லை.

தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் டீச்சர். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, தான் வளர்த்த நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். பொமரேனியனும் வேறு ஏதோவும் கலந்த சின்ன நாய். தூக்கினால் ஐந்து கிலோ அரிசிப்பை கனம்தான் இருக்கும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். என் வாயில் நுழையவில்லை. நான் ‘ஏய்’ என்று கூப்பிடுவேன், அதற்கும் வரும்.

முதலில் குரோட்டன்ஸ் தொட்டியில் அரை இட்லி கிடைத்தது. அப்புறம் செம்பருத்திக்கு அடியில் சப்பாத்தி. இரண்டாவது மாடிக்காரரின் ஷூவுக்குள் பிஸ்கட். ஒருநாள் நாய் அதைச் செய்வதையே பார்த்தேன். வாயில் கவ்விய தோசைத் துண்டோடு அக்கம்பக்கம் பார்த்தது. முன்னங்காலால் மண்ணைத் தோண்டிக் குழியில் துண்டை வைத்தது. பிறகு காலைப் பயன்படுத்தவேயில்லை, மூக்காலேயே மண்ணைத் தள்ளித் தள்ளி மூடியது. முடித்துவிட்டு, மூக்கில் மண்ணோடு, ஒன்றும் தெரியாததுபோல என்னைத் தாண்டிப் போனது.

காலையில் பேட்டரி வண்டியோடு குப்பை எடுக்க வரும் அக்காவிடம் இதையெல்லாம் அள்ளிக் கொடுப்பேன்.

“இன்னாண்ணா, தொட்டில இட்லி வெளையுதா? சாம்பார் எந்தத் தொட்டில கீது?”

“நாய் பண்ற வேலைக்கா.”

“வூட்டுல சோறு நெறயா கீது, அதான் பொதைக்குது. எங்க வூட்டாண்ட ஒரு நாயி பொதைக்கட்டும், பாக்கலாம்.”

அந்த அக்கா சொன்னதுதான் கடைசியில் சரியாக இருந்தது. ஆனால் அப்போது நான் அதைச் சிரித்து விட்டுவிட்டேன்.

பெருச்சாளி வந்தபோதுதான் விஷயம் பெரிதானது. சுவர் ஓரமாக இரண்டு வளை போட்டது. முதல் மாடியில் இருந்த அசோசியேஷன் செயலாளர் ஒருநாள் காலையில் காரை எடுக்கப் போனவர், பானெட்டைத் திறந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாருப்பா. வயரெல்லாம் கடிச்சுத் துப்பியிருக்கு. பெருச்சாளி ஏன் வருது? சாப்பாடு இருக்கற எடத்துக்குத்தான் வரும். அந்த நாயால வர்ற பிராப்ளம் இது.”

“டீச்சர்கிட்ட சொல்றேன் சார்.”

“சொல்லிச் சொல்லி நான் அலுத்துட்டேன். அடுத்த மாசம் முதல் ஞாயிறு மீட்டிங். அதுக்குள்ள இது நிக்கலேன்னா நாயை அனுப்பிட வேண்டியதுதான். படப்பையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பண்ணை வெச்சிருக்கார். நீயே ஆட்டோல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு.”

அவர் கெட்டவர் இல்லை. பண்ணை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் எனக்குப் படப்பை ரோடு தெரியும். கேண்டீனில் வேலை பார்த்தபோது தினமும் அந்த வழியாகத்தான் போவேன். டீக்கடை ஓரத்தில் இந்த மாதிரிச் சின்ன நாய்கள் கழுத்துப்பட்டையோடு நிற்கும். நிற்கிற ஒவ்வொரு காரின் கதவையும் பார்க்கும். ரோடு கடக்கத் தெரியாது. பத்து நாள் பார்ப்பேன். பதினொன்றாம் நாள் இருக்காது. அதைப் பற்றி அங்கே யாரும் பேசிக்கொள்வதில்லை, நானும் பேசியதில்லை.

அந்த வாரம் தாம்பரத்தில் ஒரு நாய் டாக்டரிடம் தடுப்பூசிக்குப் போக வேண்டியிருந்தது. டீச்சருக்கு முட்டிவலி என்பதால் நான்தான் நாயை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஊசி போட்ட பெண் டாக்டரிடம் கேட்டேன்.

“பசியால பொதைக்காதுங்க,” என்றார். “மிச்சம் இருக்கறதாலதான் பொதைக்குது. காட்டுல திரிஞ்ச காலத்துலேர்ந்து வர்ற பழக்கம். மண்ணுக்குள்ள வெச்சா சீக்கிரம் கெடாது, வேற எதுவும் தூக்கிட்டுப் போகாது. இதுக்கு வயிறு இத்தனூண்டு. எவ்வளவு வைக்கிறீங்க?”

எனக்குத் தெரியவில்லை.

“அளவாப் போடுங்க. புது எடம்னா பயத்துலயும் ஒளிக்கும். வளர்த்தவங்க யாராச்சும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?”

“ஆமாங்க.”

“அப்போ கொஞ்ச நாள் ஆகும்.”

திரும்பி வரும்போது நாய் என் சட்டைப் பாக்கெட்டில் மூக்கை நுழைத்தது. அதில் பிஸ்கட் பொட்டலம் ஒன்று பாதி இருந்தது. எப்போதும் இருக்கும். எட்டாம் வகுப்புவரை நான் தங்கிப் படித்த ஹாஸ்டலில் புதன்கிழமை மட்டும் முட்டை போடுவார்கள். வியாழக்கிழமை முட்டை கிடையாது என்று தெரிந்ததால் நான் அதைத் தின்னாமல் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைப்பேன். ஒருமுறை மறந்துபோய் நாறிவிட்டது. வார்டன் பெட்டியை எல்லோர் முன்னாலும் கவிழ்த்தார். அவர் பேசியது மறந்துவிட்டது. மறுநாள் பழக்கத்தில் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியில் கைவிட்டுத் துழாவியது மட்டும் மறக்கவில்லை. அந்த வாரமே ஓடிவந்துவிட்டேன்.

மூன்று நாள் நாயின் தட்டைக் கவனித்தேன். காலையில் டீச்சர் இரண்டு இட்லி வைப்பார். நாய் அரை இட்லி தின்னும். மீதியை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். டீச்சர் வந்து பார்ப்பார், தட்டு காலி. உடனே இன்னும் ஒன்று வைப்பார். அதுவும் தொட்டிக்குப் போகும். மறுபடி காலி. மதியம் தயிர்சாதமும் அப்படித்தான். விருந்தாளியின் இலை காலியானால் கேட்காமலே பரிமாறிப் பழகிய கை அது.

சொல்லிப் பார்த்தேன்.

“காலித் தட்டைப் பாத்துட்டு எப்படிப்பா சும்மா போறது?” என்றார். “புள்ள போன்ல வந்தா மொதக் கேள்வி, சாப்பிட்டுச்சாம்மா? நான் தட்டைத்தான் காட்டுவேன். காலியா இருந்தா அவன் மூஞ்சில ஒரு சிரிப்பு. என்னைக் கேக்கறது அதுக்கப்புறம்தான்.”

“அது சாப்பிடலை டீச்சர். தோட்டத்துல வெச்சிருக்கு. இப்படியே போனா மீட்டிங்ல வேற மாதிரி பேசிடுவாங்க.”

படப்பையைச் சொன்னேன். அவர் நாயின் தட்டைக் கழுவித் துடைத்தார். பிறகு தட்டை என் கையில் கொடுத்தார்.

“அப்போ நீயே போடு. என்னால அளந்து போட முடியாது.”

காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. தின்று முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். முதல் நான்கு நாள் நாய் என்னை எதிரியாகப் பார்த்தது. பிறகு பழகிவிட்டது. தொட்டிகளில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைத்தன. பெருச்சாளி வளைகளில் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் போட்டு அடைத்தேன். புதிதாக ஒன்றும் வரவில்லை.

மீட்டிங்குக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. டீச்சர் விடியும் முன்பே குளித்துவிட்டுக் கணவருக்குப் படையல் சமைத்தார். படைக்கும்வரை நாய்க்கு எதுவும் போடக்கூடாது என்று அதைப் பின்பக்கக் குழாயில் கட்டச் சொன்னார். வழக்கமாகக் காக்காவுக்கு மொட்டைமாடியில் வைப்பார்கள். டீச்சரால் படி ஏற முடியாது. அதனால் பின்பக்கத் துவைக்கிற கல்லின் மேல் இலையை வைத்தார். சோறு, பருப்பு, வாழைக்காய், ஒரு வடை.

காக்கா வரவில்லை. அமாவாசை அன்றைக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு ஓர் இலை. காக்கைகள் வயிறு முட்டிப்போய் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டீச்சர் கா கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. காக்கா எடுக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மணி ஒன்றரை.

“போன வருஷமும் வரலைப்பா,” என்றார். “எம்மேல ஏதோ கோவம் அவருக்கு. நீ கொஞ்சம் நின்னு பாரு. நான் உக்காந்துக்கறேன்.”

நின்றேன். நாய் கட்டிய இடத்திலிருந்து முனகிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து அதற்கும் பட்டினி, டீச்சர் சாப்பிடாததால் எனக்கும் பட்டினிதான். முனகல் தாங்காமல் போய் அவிழ்த்துவிட்டேன். நான் செய்த தப்பு அது. அதே நேரம் மேலே டேங்க் வழிந்து தண்ணீர் கொட்டியது. முன்பக்கம் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன்.

இலையில் சோறு கலைந்திருந்தது. வடை இல்லை. நாய் துளசித் தொட்டிப் பக்கமிருந்து வந்தது, மூக்கில் மண்.

“வந்துச்சாப்பா?” டீச்சர் கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு காய்ந்திருந்தது.

“வந்துச்சு டீச்சர்.”

“கழுத்து சாம்பலா? முழுக் கறுப்பா?”

“சாம்பல்.”

“வடையத்தான் மொதல்ல எடுத்துச்சா?”

“ஆமா.”

“எனக்குத் தெரியும். அவரும் அப்படித்தான். சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி வடையைக் காலி பண்ணிடுவார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “வா, உனக்கும் இலை போடறேன்.”

சாப்பிட்டேன். பசியில் ருசியாகவே இருந்தது. இலை காலியாகக் காலியாக அவர் வைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்று கையால் இலையை மறைத்தபோதுதான் நாயின் நிலைமை புரிந்தது. மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

டீச்சர் படுத்தபிறகு துளசித் தொட்டிக்குப் போனேன். மறுநாள் காலை அவர் கையால்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். மண் இளகினால் வடை தெரியும். தெரிந்தால் காக்கா வரவில்லை என்று தெரியும். அவருடைய படையலைத் தூக்கியது, துளசியைத் தோண்டியது இரண்டும் சேர்ந்தால் நாயை அவரே அனுப்பிவிடுவார், மீட்டிங் தேவைப்படாது. இரண்டு விரல் ஆழத்தில் இருந்தது. ஒரு பல்கூடப் படவில்லை. அவ்வளவு பசியிலும் அது தின்னாமல் வைத்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையையே பார்த்தது. வடையைக் காகிதத்தில் சுற்றி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். என் பிஸ்கட் பொட்டலமும் அங்கேதான் இருக்கும். மண்ணைத் தள்ளி மூடித் தட்டிவிட்டேன்.

மறுநாள் குப்பை அக்கா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். “இன்னாண்ணா, வடையுமா வெளையுது?”

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. செயலாளர் பெருச்சாளியைப் பற்றி ஆரம்பித்ததும் டீச்சர் எழுந்தார்.

“இப்போ அது திருந்திடுச்சு. அமாவாசைக்குப் படையலை அதுக்கு எட்டற எடத்துலதான் வெச்சேன். காக்கா வந்து சாவகாசமாச் சாப்பிட்டுட்டுப் போச்சு. இது அவுந்துதான் கெடந்துச்சு, ஆனாலும் தொடவேயில்லை. இவரைக் கேளுங்க, பக்கத்துலயே நின்னார்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாயும் டீச்சரின் காலடியிலிருந்து பார்த்தது.

“அப்படியாப்பா?” என்றார் செயலாளர்.

“ஆமா சார். தொடலை.”

வடையைத் தின்னவில்லை என்ற அளவில் அது உண்மைதான். வளை எதுவும் புதிதாக இல்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார். தோட்டத்தில் இனி ஒரு பருக்கை தெரிந்தாலும் நாய் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது எனக்கு அங்கே ஏழு மாதம் முடிந்திருந்தது. இப்போது பதினான்கு. பஸ் ஸ்டாப்பைக் கடக்கும்போது கால் கொஞ்சம் தயங்கும், பிறகு பால் பாக்கெட்டோடு திரும்பி வந்துவிடுவேன். விடிந்ததும் மோட்டார் போடுவதற்கு முன் தொட்டிகளை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். முதுகு பிடித்துக்கொள்கிறது. டீச்சர் இரகசியமாக ஏதாவது போடுகிறார் என்பது தெரியும். கேட்டால் இல்லை என்பார். போன தை அமாவாசைக்குக் காக்கா வந்ததா என்று அவர் கேட்டார், வந்தது என்றேன்.

இன்று குரோட்டன்ஸ் தொட்டியில் கால் சப்பாத்தி, செம்பருத்தியில் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன். என் அறை வாசலில் உடைந்த வாளி ஒன்றில் மண் நிரப்பி வைத்திருக்கிறேன், அதில் மட்டும் ஒரு பிஸ்கட்டை மண்ணுக்குள் விட்டுவைப்பேன். காலையில் நாய் ஒவ்வொரு தொட்டியாக மோந்துகொண்டு கடைசியில் அங்கே வந்து தோண்டும். தேடி வரும்போது ஓரிடத்திலாவது இருக்க வேண்டும்.