சித்திக்கு வயிற்று வலி இல்லை

கணக்கு வகுப்பில் இருந்தபோது பக்கத்து வீட்டு மாமா பள்ளிக்கு வந்தார். "சித்திக்கு வயித்து வலி ஜாஸ்தியாயிடுச்சாம், பையை எடுத்துக்கிட்டு வாம்மா" என்றார். சித்தி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. செய்தி என்னிடம் வருவதற்குள் பொய் தயாராகிவிட்டது.

அண்ணாமலை நகரில் சித்தியோடு வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். விழித்துக்கொண்டால் கிழித்துவிடுவாள்.

செல்வி சித்தி அம்மாவின் தங்கை. மூன்று வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிதம்பரத்திலிருந்து கடலூர் டாக்டரிடம் போவார், துணைக்கு நான். ஒருமுறை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அம்மாள் எங்கே போகிறோம் என்று விசாரித்தாள். "மனநல டாக்டரப் பாக்கப் போறேன்க்கா" என்றார் சித்தி. அந்த அம்மாள் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள். "நகந்து உக்காருடி, உனக்கு ஜன்னல் சீட்டு கெடச்சிடுச்சு" என்று சித்தி சிரித்தார்.

வீட்டில் அந்த மாத்திரைகளைப் பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தார்கள். "கண்ணாடி போட்டுக்கிறவள யாராச்சும் மந்திரிக்க இட்டுட்டுப் போவாங்களா?" என்று, மந்திரிக்கக் கூட்டிப்போகும்போதெல்லாம் கேட்பார் சித்தி.

திட்டக்குடியிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாத்திரையால் முகம் உப்பித் தெரிகிறது என்று பெரியவர்கள் கூடிப் பேசி மாத்திரையை நிறுத்தினார்கள். டாக்டரைக் கேட்கவில்லை. "அவுங்க பாத்துட்டுப் போறவரைக்கும் பொறுத்துக்க" என்றாள் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். சித்தி தலை வாரவில்லை, சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "முடியலக்கா, டாக்டர்கிட்ட போலாம்" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. திமிர் என்றார்கள்.

போலீஸ்காரர் வந்தார். அப்பா வாய் திறப்பதற்குள் அவரே, "தீராத வயித்து வலின்னு போட்டுடலாமா சார்?" என்றார். அப்பா தலையாட்டினார். என்னைக் கேட்டபோது நானும் ஆமாம் என்றேன். அந்த வார்த்தை இன்னும் வாயில் கசக்கிறது. லூசு என்று சித்தியைக் கண்டால் கதவை மூடியவர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தபடி தங்கமான பெண் என்றார்கள். ஒருத்தி வயிற்று வலிக்குக் கைவைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் தெரிந்தும் அதைக் கவனமாகக் கேட்டார்கள்.

மருத்துவச் சீட்டுகளையெல்லாம் தோட்டத்தில் கொளுத்தினார்கள். ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். சித்தியுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். அடுத்து வரவேண்டிய நாளை டாக்டர் எழுதியிருக்கிறார், வருகிற வியாழக்கிழமை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே யாராவது பார்த்தால் இவளுக்கும் அப்படித்தான் என்பார்கள். ஆனாலும் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறப்போகிறேன். சித்தியின் பெயரைக் கூப்பிடும்போது யாருமே எழுந்திருக்காவிட்டால், குணமாகி வருவதை நிறுத்திவிட்டார் என்று அந்த டாக்டர் நினைத்துக்கொள்வார். நான் எழுந்து உள்ளே போய் நடந்ததைச் சொல்வேன்.