ஓட்டைத் தகடும் என் காதும்

உரும்பிராயில் நான் வேலை செய்யும் பட்டறையில் ஓட்டைத் தகடு அடிக்கிறோம். மிளகாய் அரைக்கும் மில்லுக்குள் சல்லடையாக இருப்பது அதுதான். கருவாடு காயவைக்கும் தட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியின் முகப்பு, பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கும் இரும்புக் கதிரை, எல்லாவற்றுக்கும் அந்தத் தகடு போகிறது.

தகட்டில் எண்ணெய் தடவி, ஓட்டை குத்தும் பிரஸ்ஸுக்குள் கொடுக்க வேண்டும். மேலே வரிசையாக ஊசிகள்; கீழே அந்த ஊசிகள் இறங்குவதற்கான துளைகளோடு அச்சு. மேற்பகுதி ஓங்கி இறங்கினால் ஒரு வரிசை ஓட்டை விழும். கொஞ்சம் முன்னே தள்ளினால் அடுத்த அடி. அடுத்த வரிசை, முந்திய வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே விழ வேண்டும். வெட்டுப்பட்ட சின்ன வட்டங்கள் கீழே வாளியில் கொட்டும். என் சப்பாத்துக்குள்ளும் புகுந்து வீட்டுக்கு வரும். மனைவி முணுமுணுத்துக்கொண்டே கூட்டி அள்ளுவாள். அடித்து முடிந்த தகடு பொரித்த அப்பளம் போல நெளிந்து நிற்கும். உருளைகளுக்கு நடுவே விட்டு அதை நிமிர்த்தி, பின்பக்கத்துப் பிசிரைத் தேய்த்தால் வேலை முடிந்தது. பிறகு அடுத்த தகடு. கை தன்பாட்டில் செய்யும். களைப்பு கையில் இல்லை, தலைக்குள் இருந்தது.

முதலாளி என்னைவிட வயதில் குறைந்தவர். பிரஸ்ஸின் சத்தத்துக்குக் காதுமூடி வாங்கித் தந்தார். தகரக் கூரையின் கீழே, பங்குனி வெயிலில், அது வியர்வையில் வழுக்கியது. கழற்றி ஆணியில் கொழுவிவிட்டேன்.

காது ஒரே நாளில் போகவில்லை. விடியற்காலையில் குருவிகள் குறைந்துவிட்டன என்று முதலில் நினைத்தேன். பிறகு ரீவியின் சத்தத்தைக் கூட்டினேன். மனைவி என்ன சொன்னாலும் "ஓம்" என்றேன். பெரும்பாலும் அந்தப் பதில் பொருந்திவிட்டது.

போன மாரியில் ஒரு பின்னேரம் அவள் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தாள். நான் முன்விறாந்தையில் இருந்தேன். பல தரம் கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து தூக்கி, தாங்கிப் பிடித்து அவளை விறாந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன அண்ணை, எங்கடை வீடுவரைக்கும் கேட்டுது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லைப் பிள்ளை," என்றேன்.

மனைவிக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது. அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். கையில் கட்டுப் போட்டு வந்த அடுத்த நாள், மற்றக் கையால் தேத்தண்ணியை வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நான் செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு லீவு போடுங்கோ. காதைக் காட்டுவம்."

"பட்டறையிலை வேலை கிடக்கு."

"அது எப்பவும் கிடக்கும்."

யாழ்ப்பாணம் ரவுணில் காது சோதிக்கும் இடத்துக்குப் போனோம். அங்கே இருந்த இளம்பெண் என்னை ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, காதில் கருவியை மாட்டினாள்.

"சத்தம் கேட்டா இந்தப் பொத்தானை அமத்துங்கோ, ஐயா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் வெள்ளை பூசிய ஓட்டைத் தகடு. விரலை வைத்துப் பார்த்தேன்.

"பிள்ளை, உது ஏன் இஞ்சை அடிச்சிருக்கு?"

"உதுக்குப் பின்னாலை பஞ்சு இருக்கு, ஐயா. சத்தம் ஓட்டையளாலை போய்ப் பஞ்சுக்குள்ளை அடங்கிப் போகும்."

கனத்த கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எனக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. காதுக்குள் எப்போதும் ஓடும் இரைச்சல் மட்டும் இருந்தது. ஒன்றும் கேட்காமல் இருக்க வெட்கமாக இருந்ததால் இடையிடையே பொத்தானை அமத்தினேன். அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் இல்லையென்று தலையாட்டினாள். கதவைத் திறந்து, "கேக்காட்டி அமத்தாதேங்கோ ஐயா," என்றாள். ஏசும் முகம் இல்லை. அதன் பிறகு நான் சும்மா இருந்தேன். உடம்பு தளர்ந்து கண் செருகிக்கொண்டு வந்தது. அப்படியே அந்த அறையில் படுத்துவிடலாம் போல இருந்தது.

போன கேட்கும் சக்தி திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் சோதனைத் தாளைப் பார்த்த டொக்டர். காதுக்கு மிசின் எழுதித் தந்தார். மனைவி எனக்காக எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் ஆணியில் தொங்கிய காதுமூடியைப் பார்த்தார்.

"அண்ணை, இனி பிரஸ்ஸிலை நிக்கவேண்டாம். உருளைப் பக்கம் வாங்கோ."

"உருளையும் இதே கொட்டிலுக்குள்ளைதானே, தம்பி. பிரஸ்ஸைச் சுத்தி ஒரு பெட்டி அடிச்சா என்ன? பழுதான தகடு கிடக்கு. பின்னாலை தென்னந்தும்பு அடைப்பம்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "பாப்பம்," என்றார். ஆனாலும் அடுத்த கிழமை தும்பு மூட்டை வந்து இறங்கியது.

பெட்டி அடித்தோம். தகடு உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டு பக்கம் திறந்துதான் இருக்க வேண்டும். அதனால் பாதிச் சத்தம் தப்பி வருகிறது. தும்பில் எண்ணெய் ஊறி நாறுகிறது, இடைக்கிடை மாற்ற வேண்டும். இருந்தாலும் குறைந்திருக்கிறது என்று, நான் உருளைக்கு மாறிய பிறகு பிரஸ்ஸில் நிற்பவர் சொல்கிறார். அவர் காதுமூடியும் போடுகிறார். நான் சொல்லி அல்ல. என்னோடு கத்திக் கதைத்துக் களைத்துத்தான் அந்தப் புத்தி வந்ததாம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கையில் எண்ணெய் போகக் கழுவிவிட்டு மிசினை மாட்டுகிறேன். முதலில் சட்டிபானை உரசுவதெல்லாம் பல்லைக் கூசவைக்கும். பிறகு மனைவியின் குரல் வரும். மரக்கறி விலை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம், கட்டு அவிழ்த்த கையில் இன்னும் நோகும் இடம் என்று அவள் நிறையக் கதைப்பாள். இவ்வளவு காலமும் எதற்கெல்லாம் ஓம் சொன்னேனோ தெரியாது. பாதிக் கதையில் கதிரையில் இருந்தபடியே கண் மூடிவிடுகிறேன். அவள் மெதுவாக வந்து மிசினைக் கழற்றிப் பெட்டியில் வைப்பது தெரியும். கண் திறக்க ஏலாது.