நொட்டைக்காரர் வீட்டு மாடு

சந்தைக்கு மாடு வாங்க வருகிற சின்ன விவசாயிக்கு இரண்டு பயம். பணம் போய்விடுமே என்பது ஒன்று. மாடு வந்து வாய்த்துவிடுமே என்பது மற்றொன்று. ஆயுசுக்கே மூன்று மாடோ நான்கு மாடோ வாங்குகிற ஆளுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்? விற்கிறவனுக்கோ எல்லாம் தெரியும், ஆனால் சொல்ல மாட்டான். அவன் பேச்சைக் கேட்டால் மலட்டு மாடும் குடம் குடமாகக் கறக்கும். இந்த இருவருக்கும் நடுவில் நின்று கால் நூற்றாண்டு பிழைத்தவர்தான் நொட்டைக்காரர்.

பேர் சந்தை வைத்தது. வேலை இதுதான்: வாங்குகிறவரோடு கூடவே நடந்து, கண்ணில் பட்ட மாட்டில் என்ன குறை என்று சொல்வது. வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். முந்தின நாள் மாலை கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைத்துக் கொண்டுவந்தால், தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அடுத்த வீட்டுக் கன்றை இரவல் வாங்கிவந்து, இதுதான் இந்த மாடு போட்டது என்று காட்டினவர்கள் எத்தனை பேர் அவரிடம் அசடு வழிந்திருக்கிறார்கள்! அவர் நொட்டை சொல்லச் சொல்ல விலை இறங்கும். வியாபாரிகளுக்கு அவரைக் கண்டாலே வயிற்றெரிச்சல். இருந்தாலும் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். மனுஷன் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்பார்.

ஒரு மாட்டையாவது நல்ல மாடு என்று அவர் சொல்லிக் கேட்டவர் கிடையாது. வீட்டிலும் அதே வாய்தான். புது நாற்காலி வந்தால் ஒரு கால் குட்டை, புதுச் சட்டை எடுத்தால் காலர் கோணல். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னாலேயே தன்னைக் கட்டிக்கொண்டாரே, தப்பித்தேன் என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

உண்மையில் அந்த வீட்டில் விவசாயி என்றால் அவள்தான். அரை ஏக்கர் குத்தகை நிலம். பாதியில் மிளகாய், பாதியில் மாட்டுக்குப் புல். கொட்டிலில் வயசான மாடு ஒன்று, அது ஈன்ற இளமாடு ஒன்று. இளமாடு முதல் ஈத்து போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அந்த இளமாடு பிறந்த அன்று மூச்சுவிடாமல் கிடந்ததை வாயில் ஊதி எழுப்பி வளர்த்தவள் அவள். கணவர் ஊர் ஊராகச் சந்தைக்குப் போய்விடுகிறவர். கொட்டில் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவளுடைய நெடுநாள் குறை.

அப்படி இருக்கையில் நிலத்துக்காரர் வந்து, நிலத்தை விற்கப் போகிறேன் என்றார். செங்கல் சூளைக்காரர் மண் எடுக்க ரொக்கத்தோடு காத்திருக்கிறாராம். இருந்தாலும் இத்தனை வருஷம் பாடுபட்டவள் என்பதால் அவளே வாங்கிக்கொள்ளப் பத்து நாள் தவணை கொடுத்தார். சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிப் பார்த்தால் அறுபதாயிரம் துண்டு விழுந்தது. நிலம் போனால் புல் போகும். புல் போனால் இரண்டு மாடும் போகும். இளமாட்டை விற்றால் நிலமும் கிழமாடும் மிஞ்சும். அவள் ஒரே மூச்சில் முடிவெடுத்துவிட்டாள். பிறகு போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பத்து நாளுக்குள் வருகிற சந்தை ஒன்றே ஒன்று. கிளம்பும் முன் கணவரை நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"விக்கிறது நான். நீங்க சும்மா பக்கத்துல நின்னாப் போதும். வாயை மட்டும் திறந்துடாதீங்க."

நொட்டைக்காரர் தலையை ஆட்டினார்.

விடிந்து சந்தை கூடியது. முதலில் வந்த வியாபாரி கன்றோடு நின்ற மாட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். அடுத்து கயிற்றைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்தான். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. உங்கள் வீட்டு மாடா, எப்படி என்று கேட்டான். நொட்டைக்காரர் எதிரே இருந்த லாரியின் டயரை உற்றுப் பார்த்தார். வியாபாரி மெல்ல நழுவினான்.

அவ்வளவுதான், ஒரு மணி நேரத்தில் சந்தை முழுக்கப் பேச்சு. நொட்டைக்காரரே தலைமுழுகப் பார்க்கிற மாடாம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அந்த வாயே மூடிக் கிடக்கிறதென்றால் குறை எவ்வளவு பெரிதாக இருக்கும்! மனைவி பாவம், தொண்டை வறள மாட்டைப் புகழ்ந்தாள். அவள் புகழப் புகழ ஆட்கள் இன்னும் இரண்டடி தள்ளி நின்றார்கள். கடைசியில் ஒருவன் ஏதோ தர்மம் செய்கிறவன் மாதிரி முப்பத்தைந்தாயிரத்துக்குக் கேட்டான்.

அவளுக்கு விஷயம் விளங்கவில்லை. அவருக்கு நன்றாகவே விளங்கியது. அவரே இன்று வாங்குகிறவர் பக்கம் நின்றிருந்தால், சொந்தக்காரனே வாயைத் திறக்காத மாடு வேண்டாம், நடையைக் கட்டு என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் வாய் திறக்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாரே. தன்னால் மனைவியின் நிலம் சூளைக்காரன் கைக்குப் போகிறதே என்று வெயிலில் நின்று வெந்துகொண்டிருந்தார்.

உச்சிப் பொழுதுக்குச் சந்தை கலையத் தொடங்கியது. அந்த நேரத்தில் ஒரு தையல்காரம்மா அவரைத் தேடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துச் சேர்த்த பணத்தில் முதன்முதலாக மாடு வாங்கப் போகிறாளாம். ஏமாந்துவிடாமல் அவர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். இன்றைக்கு நான் விற்க வந்தவன் அம்மா என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "சரிங்கண்ணே. அப்ப இந்த மாட்டையே பாத்துச் சொல்லுங்க. உங்க கூலியைக் குடுத்துடறேன்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நொட்டைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மாடு கட்டுகிற முளைக்குச்சிகளில் பாதி காலியாகிவிட்டன.

"சொல்லுங்க," என்றாள். "எப்படியும் இனி விலை போகப் போறதில்ல. மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டிடுங்க."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வாயல்லவா! முன்னங்கால் குளம்பு ஈரத்தில் நின்றால் பிளக்கும் என்றார். பின்பக்கம் வலது காம்பு மெதுவாகத்தான் கறக்கும், அவசரப்பட்டால் உதை நிச்சயம் என்றார். கொடியில் காய்கிற துணியைத் தின்னும், தையல்காரி வீட்டில் ஜாக்கிரதை என்றார். ஒவ்வொன்றுக்கும் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் நெருங்கி வந்தது.

"இன்னொரு பெரிய குறை இருக்கு," என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இவ குரல் கேக்காம இந்த மாடு பாலை விடாது. அஞ்சு மணிக்குக் கறக்கும்போது இவ அதுகிட்டப் பேசிக்கிட்டே இருப்பா. மிளகா காய்ச்சது, நான் எதையோ குத்தம் சொன்னது, எல்லாம் அதுகிட்டதான். நான் படுத்துக்கிட்டே கேப்பேன். அந்தக் குரல் இல்லாத வீட்டுல இது நாலு நாள் திண்டாடும். மனுஷனே திண்டாடிப் போவான்."

மனைவி கண்ணைத் திறந்தாள். ஐந்து மணிக்கு இந்த மனுஷன் குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்!

காலையில் நழுவிப் போன வியாபாரி அப்புறம் என்ன என்று கேட்டான். நொட்டைக்காரர் மாட்டை இன்னொரு தடவை சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார், மூச்சைக் கேட்டார்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

அந்தச் சந்தை அவர் வாயிலிருந்து இதைக் கேட்டதே கிடையாது. அடுத்த நொடி நாற்பத்தைந்து என்றான் வியாபாரி. பின்னாலிருந்து ஒருவன் ஐம்பது என்றான். ஐம்பத்தைந்துக்கு மேல் இருவரும் நகரவில்லை. அவர்களுக்கு வாங்கியதை மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டும். தையல்காரம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை, கறந்தால் போதும். அறுபது தருகிறேன், ஆனால் அக்கா நாலு நாள் காலையில் வந்து மாட்டோடு பேசிவிட்டுப் போக வேண்டும் என்றாள். அக்கா சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு நாளும் இருட்டோடு எழுந்து போனாள். நாலாம் நாள் தையல்காரம்மாவே உட்கார்ந்து, கைத்தையல் கழுத்துத்தையல் என்று தன் பாட்டைச் சொல்லிக்கொண்டே கறந்தாள். மாடு மறுக்காமல் பாலை விட்டது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நிம்மதியும் துக்கமும் சேர்ந்தே வந்தன. அங்கிருந்து நேரே பத்திரம் எழுதுகிற இடத்துக்குப் போனாள். நிலத்துக்காரரும் கணவரும் அங்கே காத்திருந்தார்கள்.

எழுதுகிறவர் பேனாவைத் திறந்து, ஐயா பெயர் என்ன என்று வழக்கம்போல் ஆணைப் பார்த்துக் கேட்டார்.

"என் பேரு எதுக்கு? அவ பேர்ல எழுதுங்க," என்றார் நொட்டைக்காரர். "நிலத்துல உழைச்சவ அவ. மாட்டை வளர்த்தவளும் அவதான்."

அவள் இதை எதிர்பார்க்கவே இல்லை. கையெழுத்துப் போடக் குனிந்தவளின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, முதல் எழுத்து மையோடு கரைந்துவிட்டது. எழுதுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே வேறு தாள் எடுத்தார். முதலிலிருந்து எழுதி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். பரவாயில்லை, நிதானமா எழுதுங்க என்று சொல்லிவிட்டு அவள் பெஞ்சில் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.