சந்தேகப்படுகிற சூசையப்பர்

எங்கள் யார்க் நகரத்தில் தர்ஸ்டனைப் போல ஒரு சந்தேகப் பிராணி பிறந்ததில்லை. ஈயப் பாத்திரம் வார்ப்பவன். தான் வார்த்த தட்டையே தட்டிப் பார்த்து முகம் சுளிப்பான். நற்கருணைத் திருநாளில் ஒவ்வொரு தொழில் சங்கமும் பைபிள் கதையில் ஒரு கட்டத்தை நாடகமாக நடிக்கும். எங்கள் சங்கத்துக்கு வந்த கட்டம், மாதா கர்ப்பமானதைக் கண்டு அவள் கணவர் சூசையப்பர் சந்தேகப்படுவது. இவனை விட்டால் அதற்கு வேறு யார்? எனக்கு, அவர் சந்தேகத்தைத் தீர்க்க வரும் வானதூதர் வேஷம்.

அந்த வருஷம் அவன் மனைவி எம்மட், கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, முழுகாமல் இருந்தாள். சந்தோஷப்பட வேண்டியவன், "யாரோடது?" என்று கேட்டுவிட்டான். என்னைக்கூட ஒரு மாதிரி பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருநாள் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாக எம்மட் சொல்லிவிட்டாள்.

மேடை கட்டிய நாடக வண்டியைத் தெருத்தெருவாக இழுத்துப் போய், நிற்கும் இடமெல்லாம் அதே கட்டத்தை நடிக்க வேண்டும். மாதா வேஷம் போட்டிருந்த ரோலண்டின் துணிவயிற்றைக் காட்டி, "சொல்லுடி, யாரோடது?" என்று தர்ஸ்டன் கத்தினான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"வீட்டுல கேட்டது பத்தலையாய்யா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவன் என்னை முறைத்தான். "நீதான வெளிய சொன்ன?"

"நீ கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. நான் வேற சொல்லணுமாக்கும்!"

அடுத்த நிறுத்தம் அவன் வீட்டு வாசல். மாடி ஜன்னலில் எம்மட் நின்றிருந்தாள். அவன் வசனத்தைப் பாதியில் நிறுத்தினான்.

"கேளுடா, யாரோடதுன்னு!" என்று கூட்டம் எடுத்துக் கொடுத்தது.

அவன் கேட்கவில்லை. வேறு வழியின்றி நான் முன்னால் வந்து, "சூசையே, சந்தேகப்படாதே" என்றேன். வழக்கமாக அவன் மாதா முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பான். அன்று ரோலண்டுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து மண்டியிட்டான்.

"தப்பு என்னோடதுதான், எம்மட். போயிடாத." அவன் அழுதான்.

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

"காலையிலேருந்து தெருத்தெருவா இதத்தான சொல்லிட்டு வர்ற," என்றாள் எம்மட். "இத மட்டும் நான் எப்படிய்யா நம்புறது?"

ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அதுவும் நாடகம்தான் என்று ஜனம் ஆரவாரித்தது. பின்னால் காத்திருந்த மற்ற சங்கத்து வண்டிக்காரர்கள் திட்டினார்கள். நாங்கள் நகர்ந்தோம்.

"நிஜமாவே போயிடுவாளாடா?" என்று தர்ஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

காலையிலிருந்து அவனிடம் சந்தேகப்படாதே, சந்தேகப்படாதே என்று சொல்லி வந்தவன் நான். இப்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.