பூனைக்காக வாங்கிய டார்ச்

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுத் தொழுகை அறையில் மூத்திர நெடி அடிக்கத் தொடங்கியதும், பூனை போக வேண்டும் என்று மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார். சதுரங்கப்பட்டினத்து மீன் மார்க்கெட்டிலிருந்து நான் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்த பூனை அது. பூனை வந்து உரசினால் எங்களுக்குக் குற்றமில்லை. அதன் மூத்திரம் பட்ட இடம்தான் தொழுகைக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை வரை கெடு. அதைப் பிரிய எனக்கு மனமில்லை.

காய்ந்த மூத்திரம் புற ஊதா வெளிச்சத்தில் மின்னும் என்று போனில் பார்த்தேன். எங்கே, எப்படிப் பட்டிருக்கிறது என்று தெரிந்தால் பூனையின் வேலையா இல்லையா என்று சொல்லிவிடலாமே. பஜாரில் ஒரு ஊதா டார்ச் வாங்கி, பகலிலேயே ஜன்னலுக்குப் போர்வை கட்டி அடித்துப் பார்த்தேன். தொழுகை விரிப்பு முழுக்க நீலமாகப் பளபளத்தது. பகீரென்றது. சோப்புத் தூளை அள்ளிப் போட்டுத் துவைத்தேன். காய்ந்ததும் முன்னைவிட ஜோராக மின்னியது. இன்னும் அள்ளிப் போட்டேன். கடைசியில் பார்த்தால் மாமனாரின் தொப்பி, என் தலையணை உறை எல்லாமே மின்னுகின்றன. துணியை வெளுப்பாகக் காட்டச் சோப்புத் தூளில் சேர்க்கிற சரக்கே அப்படி மின்னுமாம். துவைக்கத் துவைக்க மின்னாமல் என்ன செய்யும்?

அதற்கப்புறம் எனக்கு அந்த வெளிச்சத்தின் மேலேயே பைத்தியம் பிடித்தது. என் டார்ச்சில் வெளிச்சத்தின் அலைநீளம் 395 நானோமீட்டர் என்று போட்டிருந்தது. அது தானே ஊதாவாகக் கொட்டி, மங்கலாக மின்னுவதை மறைத்துவிடும். 365 என்று போட்டு, முகப்பில் கறுப்புக் கண்ணாடி வைத்தது வேண்டும். அதன் வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, பட்ட பொருள்தான் மின்னும். அதையும் வரவழைத்தேன். ஒரு டார்ச் போதாதென்று இன்னொரு டார்ச்சா என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

வியாழன் மாலை அது வந்து சேர்ந்தது. சமையலறைக் கதவிடுக்கில் சிந்திய மஞ்சள் தூள் பளிச்சென்று எரிந்தது. கொல்லைக் கல்லடியில் ஒரு தேள், பச்சை விளக்குப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. பூனையை மறந்தே போனேன்.

பிறகு தொழுகை அறைக்குப் போனேன். சோப்பின் நீலம் வேறு, இது வேறு என்று இந்த முறை நன்றாகவே தெரிந்தது. மங்கிய மஞ்சளில் சின்னச் சின்னச் சொட்டுகள். பூனை மூத்திரம் போனால் ஓரிடத்தில் குளமாகக் கிடக்கும், இல்லை சுவரில் பீச்சியிருக்கும். இவையோ பாத்ரூம் வாசலிலிருந்து வரிசையாகப் போய், மூட்டுவலிக்காக மாமனார் உட்கார்ந்து தொழுகிற நாற்காலியின் அடியில் முடிந்தன.

"இன்னாம்மா தெரியுது?"

பின்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அவர் கை நீட்டி டார்ச்சை வாங்கினார். சொட்டுச் சொட்டாகத் தரையைப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசியில் தன் கைலியின் கீழ் ஓரத்தில் அடித்தார். அங்கேயும் அதே மஞ்சள். இந்தச் சனியனை ஏன் வாங்கினோம் என்று எனக்கு அழுகை வந்தது.

டார்ச்சை அணைத்து என் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு என்னைய டாக்டராண்ட இட்டுகினு போம்மா," என்றார். "பூனைய எங்கியும் வுட வேணாம். அது பாட்டுக்கு இங்கியே கெடக்கட்டும்."