குடமிளகாயில் வந்த காரம்

என் கணவருக்கு வயிற்றுப்புண். மிளகாயைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்புச் சப்பில்லாத சோற்றை அவர் முகம் சுளித்து விழுங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போனது. கொடைக்கானலில் ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை பார்க்கும் என் தம்பி, ஊருக்கு வந்தபோது குடமிளகாய் விதை கொண்டுவந்தான்.

"வாசம் இருக்கும், காரம் இருக்காதுக்கா" என்றான்.

குளத்தூர் வெயிலில் அதைக் காப்பாற்ற இரண்டு வேளையும் கிணற்றுத் தண்ணீர் சுமந்தேன். இடுப்பு விட்டுப்போனது. ஆனால் காய்த்தது, அவரும் ருசித்துச் சாப்பிட்டார். பழுத்த காயில் விதை எடுத்து மறு வருஷம் நானே போட்டேன்.

அதில் வந்த முதல் காயை வதக்கிப் பிசைந்து கொடுத்தேன். இரண்டு கவளத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார்.

"என்னத்தப் போட்டுத் தொலைச்சே?"

"குடமொளகாதாங்க, வேற ஒண்ணும் போடலீங்க!"

மீதியை என் வாயில் வைத்தேன், நாக்கு எரிந்தது. ரத்தமாக வாந்தியெடுத்தவரை வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பல நாள் வெறும் பால்தான். பிழைத்தார்.

"பக்கத்துல காரமொளகாச் செடி நின்னுச்சாக்கா?" என்று தம்பி கேட்டான். ஒரே பாத்தியில் நின்றது. "தேனீ ரெண்டு பூவுலயும் ஒக்காரும். வெதையில காரம் ஏறிடும், அந்த வெதையப் போட்டுக் காய்க்கிற வரைக்கும் தெரியாது."

இப்போது காரமிளகாயைக் கொல்லையில் வைப்பதில்லை. விதையும் தம்பியிடம்தான் வாங்குகிறேன். ஒவ்வொரு செடியின் முதல் காயையும் கடித்துப் பார்க்கிறேன். ஆனாலும் அவர் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். "தின்னு பாத்துட்டேங்க" என்று தினமும் சொல்லவேண்டியிருக்கிறது.